பிறேக் செய்த தமையன்: மல்கம் லொக்ஹீட்டின் வாழ்வு

ரெக்சாஸ் மாநிலத்தின் பிளானோ நகரில், ஒருகாலத்தில் எம்மிடம் பாடங்கேட்ட மாணவர் ஒருவரது இல்லத்தில் சென்ற கோடையிற் சில நாட்கள் தங்கியிருந்தோம். நிழலிலேயே வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டிய நாட்கள் அவை. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. மாலையானதும் அவரது கராஜில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, அவர் தமது பழைய காருடன் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பதே எமது பொழுதுபோக்காயிற்று. கார் 1966ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டு, பெருமளவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய விளையாட்டு ரகக் கார் அது. இருவர் அமரலாம், கூரையை மடக்கிவிடலாம், பார்ப்பதற்கு அழகு. ஆயின் ஒவ்வொரு காலையும் இடப்பக்கப் பின்சில்லின் கீழ் ஓர் ஈரத்திட்டு. சாரதியின் கால்களுக்குக் கீழிருந்த கம்பளமும் நனைந்து, அதனருகே இரும்பின் வர்ணம் தோல்தோலாக உரிந்திருந்தது. பிறேக் ஒயில் பட்ட இடத்து வர்ணத்தை அது தின்றுவிடும் என்பதைப் பழைய கார் வைத்திருந்தோர் அறிவர்.

முன்சில்லைக் கழற்றி, அழுக்கேறிய இரும்புப் பாகத்தைக் கம்பித் தூரிகையால் அவர் தேய்த்தபோது, வார்ப்பிலேயே பொறித்த ஒரு பெயர் மெல்ல வெளிவந்தது. லொக்ஹீட். எமது மாணவர் வியப்புற்று மேற்குத் திசையைக் காட்டினார். அத்திசையில், சுமார் ஒரு மணி நேரப் பயண தூரத்தில், போர்ட் வேர்த் நகரில், எப்-35 போர் விமானங்களைக் கட்டும் லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை இருக்கின்றது. போர் விமானம் செய்பவர்களா சேர் இந்தச் சின்னக் காருக்குப் பிறேக்கும் செய்து கொடுத்தார்கள் என்று அவர் கேட்டார். பலரும் அவ்வாறே எண்ணுவர். உண்மை தலைகீழானது. பிறேக்கிலிருந்துதான் அந்த எழுத்துக்கூட்டல் விமானத்துக்குப் போயிற்று. அதைச் செய்தவரின் வரலாறு எம்மவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றெனப் பட்டமையால் ஈண்டு எழுதுகின்றோம்.

அவரது இயற்பெயர் மல்கம் லொக்ஹீட் என்றே ஒலிக்கும். ஆயின் குடும்பத்தினர் அதனை எழுதிய முறை வேறு. ஸ்கொட்லாந்துப் பாங்கில் அமைந்த அந்தப் பழைய எழுத்துக்கூட்டலை முன்பின் அறியாத அமெரிக்கர் அதைக் கண்டபடி வாசித்தனர். மரக்குற்றித் தலை என்று பொருள்படும்படியும் வாசித்தனர். பெயரின் பாதியை முதற்பெயராகவும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும் குடிவரவு அலுவலகங்களில் மாற்றி எழுதுவித்துக்கொண்டு வந்த எமது வாசகர்களுக்கு இந்த எரிச்சலை விளக்கத் தேவையில்லை.

மல்கம் பிறந்தது 1886இல். தம்பி அலன் 1889இல் கலிபோர்னியாவின் நைல்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இன்று அவ்வூர் பிறீமொன்ற் நகரின் ஒரு பகுதி. எம்மொழி பேசுவோர் பல்லாயிரவர் வாழும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கின்றது. தாய் புளோரா ஹேன்ஸ் பத்திரிகையாளர், நாவல்களும் எழுதியவர். கணவரைப் பிரிந்தபின் பேனாவை நம்பியே பிள்ளைகளை வளர்த்தார். சிறிதுகாலம் பழத்தோட்டமொன்றும் வைத்திருந்தார். பத்திரிகை எழுத்தால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுவது எந்நாட்டிலும் எளிதன்று என்பதை நாமும் அறிவோம். பிள்ளைகளுக்கு உயர்கல்வி கிட்டவில்லை. முதல் திருமணத்திற் பிறந்த மூத்த மகன் விக்டர் பொறியியலாளராகி, 1909இலேயே வான்கலங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி வெளியிட்டார். இளையவர் இருவருக்கும் இயந்திரப் பித்துப் பிடித்தமைக்கு அண்ணனின் அந்த ஆர்வமும் ஒரு காரணம் எனலாம்.

மல்கம் பதின்ம வயது முடியுமுன்னரே சான் பிரான்சிஸ்கோவில் நீராவிக் கார்களைத் திருத்தும் மெக்கானிக்கானார். இதனை வாசகர் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். நீராவிக் கார் என்பது குழாயும் வால்வும் அழுத்தமும் கசிவுமே. மூடிய குழாய்க்குள் அடைபட்ட அழுத்தம் எங்கே ஒழுகும், எந்த மூட்டு முதலில் தளரும் என்பதை அந்த வேலை அவருக்குக் கற்பித்திருக்கும் என்பது எமது ஊகம்.

சகோதரர் இருவரும் 1912இல், வாடகைக் கார் நிறுவனத்தார் ஒருவரின் முதலீட்டுடன், ஒரு நீர்விமானத்தைக் கட்டத் தொடங்கினர். பகலில் கராஜ் வேலை, இரவில் விமானம். 1913 யூன் 15ஆம் திகதி அது சான் பிரான்சிஸ்கோ வளைகுடா நீரிலிருந்து எழுந்து பறந்தது. தனியே ஒருமுறை பறந்து திரும்பிய அலன், அடுத்த பறப்பில் தமையனை ஏற்றிச் சென்றார். பின்னர் 1915இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் தலைக்கு 10 டொலர் வாங்கி ஏறத்தாழ 600 பேரை வானில் ஏற்றிக் காட்டினர். அந்தப் பணம் 1916இல் சாந்தா பார்பரா நகரில் ஒரு விமானக் கம்பனியைத் தொடங்க உதவிற்று. பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற ஜாக் நோர்த்றொப் என்னும் இளைஞர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். அவர்கள் கட்டிய பெரிய பறக்கும் படகில் 1919 ஒக்ரோபரில் பெல்ஜிய மன்னரும் அரசியும் ஏறிப் பறந்தனர். ஆயினும் அரசர் ஏறினார் என்பதற்காக வியாபாரம் நடந்துவிடாது. முதலாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசு மிஞ்சிய பயிற்சி விமானங்களைச் சில நூறு டொலருக்கு விற்றுத் தள்ளியது. புது விமானத்தை யார் வாங்குவர்? 1921இல் அக்கம்பனி மூடப்பட்டது.

மல்கம் அதுவரை காத்திருக்கவில்லை. அவரிடம் வேறொரு பொருள் இருந்தது.

அக்காலக் கார்களின் பிறேக் என்பது இரும்புக் கோல்களாலும் கம்பி வடங்களாலும் ஆனது. காலால் மிதித்தால் கோல் இழுபட்டு, சில்லைச் சுற்றிய பட்டியை இறுக்கும். பெரும்பாலான கார்களுக்குப் பின்சில்லுகளில் மட்டுமே பிறேக். நான்கு சில்லுக்கும் வைத்தால் நான்கு கோல்களும் ஒரே அளவாக இழுபட வேண்டும். ஒன்று சற்று நீண்டாலும் கார் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். முன்சில்லோ வலமும் இடமும் திரும்புவது. அதற்குக் கோலைப் பொருத்துவதே பெரும்பாடு. மல்கத்தின் எண்ணம் எளிமையானது. கோலை நீக்கிவிட்டுக் குழாயை வைப்பது; குழாய்க்குள் திரவத்தை நிரப்புவது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதியைப் பாடசாலையிற் படித்திருப்பீர்கள். கால் ஒரு சிறிய பிஸ்ரனைத் தள்ளும். நான்கு சில்லுகளிலும் உள்ள பிஸ்ரன்கள் ஒரே அழுத்தத்தைப் பெறும். அவற்றின் பரப்பைப் பெருப்பித்தால் காலின் விசையும் பெருகும். இழுத்துச் சமப்படுத்த எதுவுமில்லை. இக்கருவிக்கு 1917 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர் 1919இல் தம்பியைப் பிரிந்து, கார்த் தொழிலின் தலைநகரான டெற்றொயிற்றுக்குப் பயணமானார். ஆங்கு தொடங்கிய கம்பனிக்குத்தான், இனி எவரும் பிழையாக வாசிக்கக் கூடாதென்று, ஒலிக்கிறபடியே எழுதிய லொக்ஹீட் என்ற பெயரை இட்டார். சட்டப்படி பெயர் மாற்றியதல்ல. சரக்குக்கு இட்ட பெயர்.

எண்ணம் சரி. கசிவுதான் சரியில்லை.

திரவம் அழுத்தம் கடத்த வேண்டுமானால் பிஸ்ரனைச் சுற்றி ஒரு துளியும் வெளியேறக்கூடாது. அதேவேளை பிஸ்ரன் இலகுவாக அசையவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. மல்கம் தமது ஆரம்பப் பிறேக்குகளில் அடைப்புக்குப் பயன்படுத்தியது பதனிடாத தோலாற் செய்த கிண்ணங்கள். அக்காலத்து நீர்ப்பம்புகளுக்கெல்லாம் தோல்தான். ஈரத்தில் ஊறியிருக்கும்வரை அது இசைந்து நிற்கும், காய்ந்தால் சுருங்கும், வெப்பத்தில் விறைக்கும், பின் ஒழுகும். கிணற்றுப் பம்பு ஒழுகினால் ஒரு குடம் தண்ணீர் குறையும். பிறேக் ஒழுகினால் நடப்பது வேறு. அக்காலத்தில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த்தொகுதி. எங்கேனும் ஓரிடத்தில் திரவம் வெளியேறினால் நான்கு சில்லுகளும் ஒருங்கே பிறேக்கை இழக்கும். கோலும் வடமும் அறுந்தாற்கூட ஒரு சில்லுத்தான் போகும் என்று கார்க்கம்பனிகள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

அதே ஆண்டுகளில் டூசன்பேர்க் நிறுவனமும் திரவத்தைக் கையாண்டது. 1921இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த கிரான் பிறீ ஓட்டத்தில், நான்கு சில்லிலும் திரவப் பிறேக் பூட்டிய டூசன்பேர்க் கார், கற்கள் பெயர்ந்து பறந்த பாதையில் ஐரோப்பியரை முந்தி வென்றது. ஆனால் பந்தயக் காரும் செல்வந்தர் காரும் ஒரு கண்டுபிடிப்பை உலகெங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. அதைச் செய்தவர் வோல்ற்றர் கிறைஸ்லர். நடுத்தரக் குடும்பமும் நம்பி வாங்கக்கூடிய கார் ஒன்றை அவர் 1924இல் தமது பெயரில் வெளியிட்டார். முதலாண்டிலேயே ஏறத்தாழ 32,000 விற்ற அக்காருக்கு நான்கு சில்லிலும் லொக்ஹீட் பிறேக் பூட்டப்பட்டிருந்தது.

பூட்டுமுன் நடந்ததுதான் இக்கதையின் கரு. கிறைஸ்லரின் பொறியியலாளர்களான செடர், ஸ்கெல்ற்றன், பிறியர் ஆகிய மூவரது குழுவினர் மல்கத்தின் பிறேக்கைச் சோதித்தனர், ஒழுகியது. தோலை எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாக றப்பரில் வார்த்த கிண்ணங்களை வைத்தனர். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் திசையை நோக்கியிருக்கும். மிதிக்கும்போது திரவமே அதன் விளிம்பை விரித்துச் சிலிண்டரின் சுவரோடு ஒட்டச் செய்யும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுக அடைக்கும். காலை எடுத்ததும் விளிம்பு தளர்ந்து பிஸ்ரன் இலகுவாகத் திரும்பும். தோலோடு மல்லாடிய மனிதருக்கு இது எவ்வளவு எளிமையாகத் தோன்றியிருக்கும்! அன்றைய றப்பரின் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. அத்தோட்டங்களிற் பால் வெட்டியோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். இவ்வொரு வரியை எந்தக் கார் வரலாற்று நூலும் எழுதாது. ஆதலால் நாமாவது எழுதி வைக்கின்றோம்.

றப்பருக்கும் ஒரு குணமுண்டு. இயற்கை றப்பரில் மண்ணெண்ணெயோ என்ஜின் ஒயிலோ பட்டால் அது ஊதிப் பருத்துவிடும். ஆகவே பிறேக்குக்கென்று தனித் திரவம் வேண்டியதாயிற்று. ஆரம்ப காலத்தில் நெடுநாள் புழங்கியது ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்த கலவை. எமது பாட்டிமார் பிள்ளைகளின் வாயைப் பிளந்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான்.

இதைச் சொன்னபோது எமது மாணவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். அவரது தந்தையாரிடம் யாழ்ப்பாணத்தில் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. அதன் பிறேக்கும் லொக்ஹீட். பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதை எமது வாசகர் யாவரும் அறிந்தது. பிறேக் ஒயில் இல்லாத கதையை எவரும் அதிகம் பேசுவதில்லை. அயலார் ஒருவர் என்ஜின் ஒயிலை ஊற்றப்போய், றப்பர் ஊதிப் பிறேக் இறுகிக் காரைத் தெருவிலேயே விட்டுவந்தாராம். தந்தையாரோ பழைய மெக்கானிக் ஒருவரின் சொற்கேட்டு, விளக்கெண்ணெயில் ஸ்பிரிற்றைக் கலந்து ஊற்றினார். அதைப் பைத்தியக்காரத்தனம் என்றே வீட்டில் எல்லோரும் எண்ணினர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே எழுந்து நடந்த அந்த மழையில், நடக்க முடியாத பாட்டியை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் நாவற்குழிப் பக்கமாக அடி அடியாக ஊர்ந்தது. முன்னே சனம், பின்னே சனம், காரின் மூக்கில் கைவைத்தபடி நடக்கும் குழந்தைகள். ஒவ்வோர் அடிக்கும் பிறேக் மிதிக்க வேண்டியிருந்தது. தந்தையார் அவ்விரவு முழுவதும் வாய் திறக்கவில்லை என்றும், மிதி ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கின்றது என்பதையே கவனித்திருந்தார் என்றும் மாணவர் சொன்னார். பிறேக் பிடித்தது. இன்றைய கார்களின் திரவம் வேறு, றப்பரும் வேறு. அந்தக் கலவையை இன்று எவரும் முயலவே கூடாது.

மல்கத்திடம் மீள்வோம். கிறைஸ்லர் வழிகாட்டியபின் பிறரும் மெல்ல மாறினர். ஜெனரல் மோட்டோர்ஸ் 1930களின் நடுப்பகுதியில் மாறியது. ஹென்றி போர்ட் கோலையும் வடத்தையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு 1939இல்தான் இறங்கி வந்தார். பிரித்தானியாவில் லெமிங்டன் ஸ்பா நகரின் ஓட்டோமோட்டிவ் புரொடக்ற்ஸ் நிறுவனம் லொக்ஹீட் என்ற பெயரிலேயே பிறேக்குகளைச் செய்தது. மொரிஸ் மைனருக்கும் எம்.ஜி.பிக்கும் அவை வந்தது அவ்வழியே.

ஆனால் அந்தப் பெயர் மல்கத்தின் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நிலபுலம் விற்றுப் பிழைத்துவந்த தம்பி அலன், 1926இல் ஹொலிவூட்டில் மீண்டும் ஒரு விமானக் கம்பனியைத் தொடங்கினார். தமையனின் பிறேக்கால் லொக்ஹீட் என்ற எழுத்துக்கூட்டல் ஏற்கெனவே நாடறிந்திருந்தமையால் அதையே கம்பனிக்குச் சூட்டினார். 1927இற் பறந்த வேகா விமானம் அப்பெயரை வானுக்கு ஏற்றிற்று. 1932இல் அமீலியா ஏர்ஹார்ட் அற்லாந்திக்கைத் தனியே கடந்தது அவ்விமானத்தில்தான். ஆயின் 1929இலேயே அக்கம்பனி பிறர் கைக்கு விற்கப்பட்டிருந்தது. அலன் விலகினார். பொருளாதார மந்தத்தில் வாங்கியவர்களும் நொடித்துப்போக, 1932இல் றொபேட் குறோஸ் என்பவரும் கூட்டாளிகளும் அதை வெறும் 40,000 டொலருக்கு ஏலத்தில் எடுத்தனர். அதே 1932இல் மல்கத்தின் பிறேக் கம்பனியை பெண்டிக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒரே ஆண்டில், ஒரே பெயரை உடைய இரு கம்பனிகளும் அப்பெயருக்குரிய குடும்பத்தாருக்குச் சொந்தமற்ற நிலையில் நின்றன. இரண்டாண்டு கழித்து, 1934இல், அலன் தமது பெயரைச் சட்டப்படி லொக்ஹீட் என மாற்றிக்கொண்டார். தம்முடையதாயிருந்த கம்பனியின் பெயரைத் தாம் எடுத்துக்கொண்ட மனிதரை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

மல்கம் கலிபோர்னியாவுக்குத் திரும்பினார். சியெறா மலையடிவாரத்தில், 1848இன் தங்க வேட்டையின்போது முளைத்துப் பின் அடங்கிப்போன மொக்கலமி ஹில் என்னும் சிற்றூரில் 1958இற் காலமானார். அவ்வேளையில் உலகின் தெருக்களில் ஓடிய கார்களிற் பெரும்பான்மை அவர் 1917இல் வரைந்த வழியிலேயே நின்றன. அவரது பெயரைத் தாங்கிய விமானங்களில் அவர் ஒன்றும் கட்டவில்லை. அவர் பெயரை உலகெங்கும் ஒழுகாமற் காத்த றப்பர்க் கிண்ணமும் அவர் வரைந்ததன்று. சிலர் இதைக் கொண்டு மல்கத்தைக் குறைத்துப் பேசுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒழுகும் பிறேக்கை நம்பிக் கலிபோர்னியாவிலிருந்து டெற்றொயிற்றுக்குப் போய்க் கதவு தட்டும் துணிவு ஒருவருக்கு இருந்தமையாற்றான், அதை அடைக்கும் அறிவு மற்றையோருக்குத் தேவைப்பட்டது.

ஒரே குழாய்த்தொகுதி என்ற குறை அவர் இறந்து பத்தாண்டின் பின்னரே தீர்ந்தது. முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரு தொகுதிகளாகப் பிரித்த பிறேக்கை அமெரிக்கச் சட்டம் 1968 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கிற்று. எமது மாணவரின் கார் 1966. ஆகவே பின்சில்லின் கீழிருந்த அந்தச் சிறு ஈரத்திட்டு அழகுக் குறையன்று. பிளானோவின் ஆறு தடப் பெருந்தெருவில் நான்கு சில்லும் ஒருங்கே கைவிடும் எச்சரிக்கை.

திருத்தம் மூன்று மாலைகள் நடந்தது. பழைய கார் வைத்திருக்கும் வாசகருக்காகச் சில குறிப்புகள். மிதியருகே கம்பளம் நனைந்தால் ஒழுகுவது மாஸ்ரர் சிலிண்டரின் பின்புறக் கிண்ணம். கிளச்சின் மாஸ்ரர் சிலிண்டரும் அருகிலேயே இருப்பதால் எது ஒழுகுகின்றதென்று இரண்டையும் பார்க்க வேண்டும். பின்சில்லின் உட்புறம் நனைந்தால் சில்லுச் சிலிண்டர். அதில் ஊறிய பிறேக் சப்பாத்துகளைக் கழுவிப் பாவிக்க நினையாது எறிவதே நன்று. வெளியே ஒரு துளியும் இல்லாமல், தாங்கியின் மட்டமும் குறையாமல், மிதி மட்டும் மெல்ல அமிழ்ந்தால், கசிவு மாஸ்ரர் சிலிண்டருக்கு உள்ளேயே நடக்கின்றது; பலரும் ஏமாறுவது இதில்தான். புதுக் கிண்ணம் போடுமுன் சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்றைய கிளைக்கோல் வகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரம் இரும்பில் துருக்குழிகளை உண்டாக்கும். குழி விழுந்த சுவரில் எந்தப் புது றப்பரும் சில வாரமே நிற்கும். ஈரமேறினால் திரவத்தின் கொதிநிலையும் இறங்கும். டொட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தது 230 பாகை, ஈரமேறியபின் 155 வரை விழலாம். றப்பரைப் பெற்றோலிற் கழுவலாகாது. புதுப் பிறேக் திரவத்தாலேயே நனைத்துப் பூட்ட வேண்டும். இறுதியில், மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லிலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும்.

எமது மாணவரின் பின்சில்லுச் சிலிண்டரில் நகத்தால் தடவினாலே தெரியும் குழிகள். புதிது வாங்கினார். மாஸ்ரர் சிலிண்டரின் சுவர் பளிங்குபோல் இருந்தது. கிண்ணங்களை மட்டும் மாற்றினார். மூன்றாம் மாலை அவர் சில்லருகே குந்தியிருக்க, நாம் சாரதியின் ஆசனத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல மிதித்தும் விட்டும் கொடுத்தோம். காற்றெல்லாம் போனபின் மிதியை முழுப்பலத்தோடு அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் நின்றார். காலின் கீழ் மிதி மரம்போல் நின்றது. ஒரு மயிரிழையும் இறங்கவில்லை. நிமிடம் முடிந்தும் அவர் காலை எடுக்கச் சொல்லவில்லை. இன்னுங் கொஞ்சம் பிடியுங்கோ சேர் என்றார்.